கொலுவுக்கு யாரெல்லாம் வந்தார்கள்?

புரட்டாசி அமாவாசை நெருங்கினால் ஒரு வகைக் கட்டுரை தவறாமல் வந்துவிடும். 'அந்தக் காலத்துக் கொலு மாதிரி வருமா?' என்பதுதான் அதன் சாரம். டிரங்குப் பெட்டிகளை அடுக்கி அப்பாவின் வேட்டியைப் போர்த்திய படிகள், கிருஷ்ணர் வேஷம் போட்ட தம்பி, வீடு வீடாகப் பாடி வாங்கிய சுண்டல். கடைசியில் இன்றைய 'தீம் கொலு' மீது ஒரு பெருமூச்சு. அமெரிக்காவில் ஹாலோவீன் சமயத்தில் இதே பெருமூச்சைக் கேட்கலாம். நானும் அப்படியொரு கட்டுரை எழுதியவன்தான். இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது.

இவ்வகை எழுத்தின் முதல் குறை, நினைவைச் சரிபார்க்காதது. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில், காகிதக்கூழ் பொம்மைகளுக்கு முன்னால் நின்று, 'கிரிக்கெட் செட் வேணும்' என்று நான் அழுதிருக்கிறேன். அம்மா ஒரு செட்டியார் பொம்மையோடு முடித்துக்கொண்டாள். கையில் அவ்வளவுதான் காசு. அதைத்தான் பிற்பாடு 'எளிமை' என்று எழுதினேன்.

இரண்டாவது குறை பெரியது. 'ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் போனோம்' என்று எழுதியிருந்தேன். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பையன், என் பள்ளித் தோழன், படித்துவிட்டு ஃபோன் செய்தான். "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா நான் எங்க வந்தேன்? ஸ்கூல் விட்டதும் தறியில உக்காந்துடுவேன். தீபாவளிச் சேலை ஆச்சே."

கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்களை ஓட்ட நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். பல வீடுகளில் அந்த ஆள் ஒரு சிறுவன். இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் உண்டு. நாங்கள் பட்டுப் பாவாடை கட்டிய அக்காக்களோடு சுண்டலுக்கு அலைந்த அதே வருஷங்கள்தாம் அவை.

ஒரே ஒரு கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு 'எல்லாருக்கும் ஓடுது' என்று சொன்னால் என் அலுவலகத்தில் விடமாட்டார்கள். கட்டுரையில் மட்டும் எப்படி விட்டார்கள்?

ஏக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சுண்டல் ருசித்தது நிஜம். 'எல்லாரும்' என்று எழுதும்முன் எண்ணிப் பார்க்கலாம் என்பதே என் கட்சி.

உனக்கு நவராத்திரி என்றால் என்ன ஞாபகம் வரும் என்று தோழனைக் கேட்டேன்.

"ஆயுத பூஜை. தறிக்குப் பொட்டு வச்சு நிறுத்திடுவோம்ல. அன்னிக்குத் தெருவே அமைதியா இருக்கும். நாள் முழுக்க வெளையாடுவேன்."

அந்த நாளைப் பற்றிய கட்டுரையை இதுவரை நான் படித்ததில்லை.