ஜேசிபியும் மினி ஹிட்டாச்சியும்

2018 நவம்பர் 16, கஜா புயல் ஓய்ந்த காலை. கீரமங்கலம், வடகாடு பக்கத்துத் தென்னைகள் சாலையெங்கும் சாய்ந்து கிடந்தன. அந்த நாட்களில் ஜேசிபியின் உறுமல் கேட்டாலே மனசுக்குத் தெம்பு. முன்வாளியால் மரத்தைத் தள்ளும், பின்கையால் தோண்டும். ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயரின் பெயரின் முதலெழுத்துகள் நம்மூரில் வண்டிக்கே பெயராகிவிட்டன, செயின் வண்டியெல்லாம் ஹிட்டாச்சி ஆனதுபோல.

சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவருக்கு ஜேசிபியின் பெரிய வரம் அதன் சக்கரம். காலையில் ஆலங்குடி, மதியம் அறந்தாங்கி. லாரி வாடகை கிடையாது. சின்னச் செயின் வண்டியான மினி ஹிட்டாச்சியையோ லாரியில் ஏற்றி இறக்கியே ஆக வேண்டும். செம்புராங்கல் தரையில் ஜேசிபியின் எடை கைகொடுக்கும். சின்ன வண்டி திணறும்.

ஆனால் தென்னந்தோப்புக்குள் பாருங்கள். மரத்துக்கு மரம் 25 அடி. ஜேசிபியின் பின்கை அரைவட்டம்தான் சுற்றும்; ஒவ்வொரு நகர்வுக்கும் ஜாக்கியைத் தூக்கி இறக்க வேண்டும். மினியோ நின்ற இடத்திலேயே முழுவட்டம் திரும்பும். அகலமான ரப்பர் செயின் எடையைப் பரப்பிவிடுவதால் ஈரமண்ணிலும் சட்டென்று புதையாது. சொட்டுநீர்க் குழாய்க்கு அது கோடு கிழித்தாற்போல் வாய்க்கால் எடுப்பதை எவ்வளவு நேரமும் பார்க்கலாம்.

ஒரே வண்டிதான் வாங்க முடியுமென்றால் ஜேசிபி என்பேன். கண் மட்டும் அந்தச் சின்ன வண்டியின் பின்னாலேயே போகிறது, தோண்டிய மண்ணை வேரோரம் கொட்டாமல் தள்ளி வைக்கும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே.