ஒரு வாய்மொழியும் ஏழு ஊர்களும்

அழியும் நிலையிலுள்ள ஒரு மொழியை ஏட்டில் ஏற்றுவோர் யாருடைய வாய்மொழியை அம்மொழியெனக் கொள்வது? நீலகிரியில் ஏழு ஊர்களிற் பேசப்படும் கோத்தர் மொழியைப் பற்றி அறிஞர் எமனோ செய்த ஆராய்ச்சி இவ்வினாவை எழுப்புகின்றது.

எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி ஆராய்ந்தார். அதன் பயனாகக் கோத்த மொழிப் பனுவல்கள் 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாகக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தன. எழுத்தில்லா மொழியொன்றின் கதைகளைச் சொன்னவாறே ஒலி பிசகாது எழுதி, மொழிபெயர்ப்பும் இலக்கணமும் சேர்த்தமை அந்நூலின் தனிச்சிறப்பு. தமிழாராய்ச்சிக்கும் அதனால் ஆக்கம் உண்டு. நாம் ‘செவி’ என்பதனைக் கோத்தர் ‘கெவ்’ என்பர். கன்னடர் ‘கிவி’ என்பர். இகர எகரங்களுக்கு முன் நின்ற பழைய ககரம் தமிழிற் பல சொற்களிற் சகரமாய்த் திரிந்தமைக்கு இச்சிறு மொழி சான்று பகர்கின்றது.

ஆயினும் குறையொன்று உண்டு. அக்கதைகள் பெரும்பாலும் சுல்லி என்னும் ஒருவர் சொன்னவை. ஆங்கிலம் கற்ற அவர் நல்ல கதைசொல்லி. அவரின்றி அந்நூல் இல்லை. ஒருவர் வாய்மொழியானமையால் நூலுக்கு ஒருமைப்பாடு வந்தது. மற்றை ஊர்களின் வேறுபாடும் பெண்டிர் பேச்சும் அதில் வெளிப்பட இடமின்றிப் போயிற்று. இதனை எமனோவின் பிழை என்பதிலும், பின்வந்தோர்க்கு அவர் விட்டுச்சென்ற பணி என்பதே நேர்மை.

இக்குறை நமக்கும் பாடமாகும். தமிழ் அழியும் மொழியன்று. ஆனால் ஊர்ப்பேச்சு அழியக்கூடும். தமிழகப் பேச்சில் வழக்கொழிந்த உகரச் சுட்டு, ‘உவன்’, ‘உது’, ‘உங்கை’ என யாழ்ப்பாணத்தார் நாவில் வாழ்கின்றது. அதனை யாழ்ப்பாணத் தமிழ் என ஒரு பெயராற் கூறி அமைந்துவிடின், நாரந்தனையும் நெடுந்தீவும் நயினாதீவும் அப்பெயருள் மறைந்துபோம். 1990களின் இடப்பெயர்வால் தீவகத்தார் பல திசையிலும் சிதறினர். ஊர்ப்பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளைகளும் குறைந்தனர்.

தொல்காப்பியர் திசைச்சொல்லையும் செய்யுட்குரிய சொல்லாகவே கொண்டார். அத்துணை மதிப்பை நாமும் அதற்கு அளித்தல் வேண்டும். ஒரே சொற்பட்டியலை ஊர்தோறும் வினாவி, சொன்னவர் ஊர், வயது, தொழில் குறித்து, இருபாலார் பேச்சையும் கதைகளையும் ஒலிப்பதிவு செய்தல் தக்கது. எமனோவுக்கு வாய்த்தவர் ஒரு சுல்லி. நம் மாணவர் பலர்க்கு வீட்டிலேயே அப்புவோ ஆச்சியோ உளர். அவர் உள்ளபோதே கேட்டு எழுதுக.