செம்பைக் கண்டால் அணையும் ஒளி

நைட்ரஜன் எதனோடும் லேசில் சேராத சோம்பேறி வாயு என்றுதான் நமக்கெல்லாம் பாடம். சிப்ஸ் பாக்கெட்டில் அதை அடைப்பதும் அதற்காகத்தானே! அந்தச் சோம்பேறி ஆடிய ஆட்டத்தை ஓர் ஆய்வகத்தில் கண்ணாரப் பார்த்ததிலிருந்து, கிடைத்தவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கருவி எளிமையானது. 2 செ.மீ. அகலத்தில் நீண்ட பைரெக்ஸ் குழாய். ஒரு முனையில் நைட்ரஜன் சிலிண்டர், மறுமுனையில் வேக்குவம் பம்ப். உள்ளே அழுத்தம் சுமார் 1 டார், அதாவது வெளிக்காற்றில் 760-ல் ஒரு பங்கு. வாயு நுழையும் இடத்தில் ஒரு சின்ன மைக்ரோவேவ் பெட்டி, மூலக்கூறுகளில் சிலவற்றை அணுக்களாகப் பிளக்கிறது. விளக்கை அணைத்தார்கள். பெட்டியைத் தாண்டிய வெறுங்குழாயில் பழுத்த பப்பாளி நிறத்தில் ஒளி ஓடியது!

“இங்கயும் கரண்ட் வருதா?” என்றேன்.

“இல்ல சார். அணுங்க திரும்பச் சேர்றதுல வர்ற வெளிச்சம்” என்றார் ஆராய்ச்சி மாணவர்.

1911-இல் இதை ‘வீரிய நைட்ரஜன்’ என்று லண்டனில் அறிவித்தவர் ராபர்ட் ஸ்ட்ரட். நைட்ரஜனை எடைபோடப் போய் ஆர்கானைப் பிடித்த ரேலி பிரபுவின் மகன். அப்பாவும் பிள்ளையுமாக அந்த வாயுவை விட்டபாடில்லை.

அழகு இருக்கட்டும், கணக்கைக் கேளுங்கள். ஓர் அணுவின் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 670 மீட்டர். வழியெல்லாம் மற்ற மூலக்கூறுகள் இடித்துத் திருப்பிவிடுவதால் அது நேராகப் போக முடியாது. தடுமாறித் தடுமாறித்தான் விரவுகிறது. அப்படியும் குழாயின் நடுவிலிருந்து சுவரைத் தொட ஏறக்குறைய ஒரு மில்லிநொடி போதும். சராசரியாக நொடிக்கு 30,000 தடவைக்கு மேல் சுவரில் மோதுகிறது. தொட்டதும் ஜோடி சேர்ந்துவிடும் என்றால் ஓரிரு சென்டிமீட்டரிலேயே ஒளி செத்திருக்க வேண்டும். சாகவில்லை! சுத்தமான பைரெக்ஸில் லட்சம் மோதலுக்கு ஒன்று முதல் பத்து வரைதான் பலிக்கும். குழாயைக் கழுவிய விதம் மாறினால் இந்த எண்ணும் மாறும்.

வாயுவுக்குள்ளேயே ஏன் சட்டென்று சேருவதில்லை? இரண்டு அணுக்கள் சேர்ந்தால் 9.8 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் மிஞ்சும். அதை வாங்கிக்கொள்ள மூன்றாவது ஆள் வேண்டும். இல்லையென்றால் வந்த வேகத்திலேயே பிரிந்துவிடும். 1 டாரில் மூன்று பேர் ஒரே இடத்தில் கூடுவது அபூர்வம். அழுத்தத்தைக் கூட்டினால் மூவர் கூடுவது அதிகமாகும், குறைத்தால் அணு சீக்கிரமே சுவரை எட்டிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்தப் பப்பாளி நிறம் பிழைக்கிறது.

பிறகு மாணவர் குழாய்க்குள் இருந்த செம்புக் கம்பிவலையை வெளியிலிருந்தே நகர்த்தினார். வலை வரைக்கும் வெளிச்சம், அதற்கப்பால் கும்மிருட்டு. கத்தியால் வெட்டியதுகூட இவ்வளவு துல்லியமாக இருக்காது! செம்பு, நைட்ரஜன் அணுக்களைப் பிடித்து ஜோடி சேர்த்து, மிஞ்சிய ஆற்றலைத் தானே விழுங்கிவிடுகிறது. வலையில் கட்டியிருந்த தெர்மோகப்பிளில் வெப்பநிலை மளமளவென்று ஏறியது.

பூமிக்குத் திரும்பும் விண்கலங்களுக்கு இது உயிர் போகிற விஷயம். அவற்றின் முன்னால் சூடேறும் காற்றும் இப்படித்தான் அணுக்களாகப் பிளந்து மேற்பரப்பில் வந்து மோதுகிறது. 1981-இல் கொலம்பியா விண்வெளி ஓடத்தின் இரண்டாம் பயணத்தில், அதன் வெப்பக்காப்பு ஓடுகள் சிலவற்றில் மட்டும் அணுக்களைச் சேர்த்துவைக்கும் பூச்சை வேண்டுமென்றே தடவி அனுப்பினார்கள். வளிமண்டலத்துக்குள் திரும்ப நுழையும்போது அவை பக்கத்து ஓடுகளைவிட அதிகமாகச் சூடேறின. காற்று ஒன்றுதான், மேற்பரப்புதான் வேறு.

உச்சக்கட்டத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். குழாயின் நடுவில் நைட்ரிக் ஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். பப்பாளி நிறம் நீலமானது. இன்னும் கொஞ்சம், சட்டென்று ஒன்றுமே இல்லை, முழு இருட்டு. அதற்கும் மேல் ஒரு துளி திறந்தால் மஞ்சள் கலந்த பச்சை! விட்ட ஒவ்வொரு நைட்ரிக் ஆக்சைடும் ஒரு நைட்ரஜன் அணுவைத் தின்று ஓர் ஆக்சிஜன் அணுவைத் தருகிறது. எஞ்சிய நைட்ரஜனோடு அந்த ஆக்சிஜன் சேர்ந்தால் நீலம். மிஞ்சிய நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்தால் பச்சை. இரண்டுமே மிஞ்சாத புள்ளிதான் இருட்டு.

வால்வை என் கையில் கொடுத்தார்கள். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே இருட்டைப் பிடித்து நிறுத்தி, மீட்டரில் இருந்த எண்ணை உரக்க வாசித்தேன். நைட்ரிக் ஆக்சைடு ஓடும் அளவு அது. அந்த இடத்துக்கு வந்துசேர்ந்த நைட்ரஜன் அணுக்களின் கணக்கும் அதேதான்.