ஆள்வோரின் நற்பெயரும் அரசின் வழக்கும்: தமிழக அவதூறு வழக்குகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுத்தல் வேந்தனுக்குரிய பண்பு என்பது திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் காட்டும் நெறி. அந்நெறி பொறுமையை ஆள்வோரின் குணமாகக் காண்கிறது. குறைகூறுவோரின் உரிமையாகக் காணவில்லை. குடியாட்சியில் இவ்வேறுபாடு எத்துணை இன்றியமையாதது என்பதை ஜெ. ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது இதழ்கள்மீது தொடரப்பட்ட அவதூறு வழக்குகள் புலப்படுத்துகின்றன. அவற்றைத் தனியொருவரின் சகிப்பின்மைக்குச் சான்றாக மட்டும் கொள்வது பொதுவான போக்கு. அவ்விளக்கம் பொய்யன்று, எனினும் முழுமையானதன்று. அவ்வழக்குகளைத் தொடர்வதை எளிதாக்கிய சட்ட அமைப்பும் ஆய்வுக்கு உட்பட வேண்டும்.

இரு வாயில்கள்

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு அவதூறை வரையறுத்தது. 500ஆம் பிரிவு இரண்டாண்டு வரை வெறுங்காவல் தண்டனைக்கு வழிசெய்தது. தன் பெயருக்கு இழுக்கு நேர்ந்ததாகக் கருதும் குடிமகன், தானே நடுவர் நீதிமன்றத்தை அணுகி முறையிட வேண்டும். அமைச்சருக்கும் அரசு ஊழியருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199(2) பிரிவு வேறொரு வாயிலையும் திறந்துவைத்தது. அவர்தம் அலுவல்சார் நடத்தை பற்றிய அவதூறாயின், அரசின் ஒப்புதலோடு அரசு வழக்குரைஞரே அமர்வு நீதிமன்றத்தில் நேரடியாக முறையீடு செய்யலாம்.

முதலமைச்சரே பாதிக்கப்பட்டவராகும்போது இவ்வேற்பாட்டின் இயல்பு தெளிவாகிறது. ஒப்புதல் தருவது அவர் தலைமையிலான அரசு, முறையிடுபவர் அவ்வரசு அமர்த்திய வழக்குரைஞர், செலவு பொதுப்பணம். மறுபுறத்தில் நிற்கும் இதழாசிரியர் தம் பொருளையும் நாள்களையும் செலவிட்டே எதிர்வழக்காட வேண்டும். தீர்ப்பு எவ்வாறு அமையினும், விசாரணையே அவருக்குத் தண்டனையாகிவிடுகிறது. 2011 முதல் ஐந்தாண்டுகளில் 213 அவதூறு வழக்குகள் தொடரப்பட்டமையும், அவற்றுள் 55 ஊடகங்களின் மீதானவை என்பதும் 2016இல் உச்சநீதிமன்றத்தில் அளிக்கப்பட்ட பட்டியலால் வெளிப்பட்டன.

தீர்ப்புகளுக்கிடையே ஓர் இடைவெளி

இச்சிக்கல் நீதிமன்றங்களின் பார்வைக்கு வராததன்று. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட முனைந்த நக்கீரன் இதழின் வழக்கில், 1994 அக்டோபர் 7 அன்று உச்சநீதிமன்றம் மூன்று கருத்துகளை நிலைநாட்டியது. வெளியீட்டுக்கு முன்னரே தடைவிதிக்க அரசுக்கோ அதன் அலுவலருக்கோ அதிகாரம் இல்லை. அவதூறுக்கு இழப்பீடு கோரி அரசு வழக்குத் தொடர இயலாது. அலுவல்சார் நடத்தை பற்றிய செய்தி பொய்யென மெய்ப்பிக்கப்பட்டாலும், உண்மையைச் சற்றும் பொருட்படுத்தாது அது வெளியிடப்பட்டதென நிறுவினாலன்றி அலுவலர் இழப்பீடு பெற முடியாது. ஆனால் 499, 500 பிரிவுகளைத் தாம் ஆராயவில்லை என்பதையும் அத்தீர்ப்பே தெளிவுபடுத்தியது. உரிமையியல் வழியில் அடைக்கப்பட்ட கதவு குற்றவியல் வழியில் திறந்தே இருந்தது.

அவ்வினா 2016 மே 13 அன்று சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் விடைபெற்றது. நற்பெயர் வாழ்வுரிமையின் கூறு எனக் கொண்ட உச்சநீதிமன்றம் அப்பிரிவுகளைச் செல்லத்தக்கவை என்றது. பொய்ப்பழியால் ஒருவரின் வாழ்வு சிதையக்கூடும் என்னும் அத்தீர்ப்பின் கவலை புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் தனிமனிதரின் நற்பெயரைக் காக்கக் கூறப்பட்ட நியாயம், பதவியைக் காக்க அரசே வழக்காடுவதற்கும் பொருந்துமா என்னும் வினா எஞ்சுகிறது.

2020 மே மாதம் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ் வழங்கிய தீர்ப்பு இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பியது. இதழாசிரியர்கள்மீதான பல வழக்குகளை நீக்கிய அவர், அரசு ஊழியரை இழித்துரைப்பது வேறு, அரசை இழித்துரைப்பது வேறு எனப் பிரித்துக் காட்டினார். 199(2) பிரிவைக் கையாள அரசு மிக உயர்ந்த அளவுகோலைக் கொள்ள வேண்டும் என்றும், அரசு வழக்குரைஞர் தம் மதிநுட்பத்தைத் தனித்துப் பயன்படுத்த வேண்டும் என்றும் வலியுறுத்தினார். ஆயினும் பிரிவு நிலைத்தது. மாறியது அதனைக் கையாள வேண்டிய முறையே.

முடிவுரை

2021இல் பொறுப்பேற்ற தி.மு.க. அரசு, இதழாளர்கள்மீதான 90 வழக்குகளைத் திரும்பப் பெற்றது. 2012 முதல் 2021 பிப்ரவரி வரை தொடரப்பட்டவை அவை. ஜெயலலிதா 2016 டிசம்பரில் மறைந்த பின்னரும் இவ்வழிமுறை தொடர்ந்ததை இக்கால எல்லையே உணர்த்துகிறது. ஆகவே, தனியொருவரின் குணம் மட்டுமே காரணம் என்னும் விளக்கம் நிலைபெறவில்லை.

வழக்குகளைத் திரும்பப் பெற்றது வரவேற்கத்தக்கதே. எனினும் ஓர் அரசு தொடர்ந்ததை மற்றோர் அரசு தன் விருப்பால் கைவிட்டது என்ற அளவில், அது உரிமையன்று, சலுகையே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. நடைமுறைச் சட்டத்திலும் அரசு வழக்குரைஞரின் தனிவாயில் 222ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அமைச்சரும் ஏனைய குடிமக்களைப் போலத் தாமே நீதிமன்றம் சென்று, 1994 தீர்ப்பின் அளவுகோலை நிறைவுசெய்து நீதி பெறும் நிலை உருவாகும் வரை, இதழ்களின் சுதந்திரம் ஆள்வோரின் பொறுமையைச் சார்ந்தே இருக்கும்.