கணக்கில் வராத மொழி

மொரீசியஸ் என்றதும் நம் தமிழ் மேடைகளில் ரூபாய்த் தாள் கதை வந்துவிடும். 1998இல் வெளியான புதிய தாள்களில் தமிழுக்கு முன்னால் இந்தி அச்சிடப்பட்டதையும், தமிழர் எதிர்ப்பால் அவை திரும்பப் பெறப்பட்டதையும் பெருமிதத்தோடு சொல்வார்கள். அந்தத் தாளில் ஆங்கிலம், தமிழ், இந்தி மூன்றும் உண்டு. தமிழ் வம்சாவளியினர் உட்பட அந்நாட்டவர் பெரும்பாலோர் வீட்டில் பேசும் கிரியோல் இல்லை. அதை ஒரு குறையாக எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

பிரெஞ்சு ஆட்சிக்காலத்து அடிமைகளிடையே உருவான மொழி கிரியோல். 2011 கணக்கெடுப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அதையே வீட்டுமொழியாகக் குறிப்பிட்டார்கள். பள்ளியிலோ பாடநூலும் தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆசிரியர் ஆங்கிலப் பாடத்தை வாசித்துக் கிரியோலில் விளக்குகிறார். குழந்தை கிரியோலில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எழுத வராவிட்டால் குறை குழந்தையின் மேல் விழுகிறது.

பெண்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. வீட்டுவேலை நடக்காமல் வெளியே எந்த வேலையும் நடக்காது. ஆனால் அது வேலையாகக் கணக்கில் வராது. வகுப்பறையில் கிரியோலின் இடமும் அதுவே. புரியவைக்கும் உழைப்பு அதனுடையது, மதிப்பெண் ஆங்கிலத்துக்கு.

2012இல் கிரியோல் தொடக்கப்பள்ளியில் விருப்பப்பாடமானது. ஆனால் தமிழ், இந்தி, உருது முதலிய ‘முன்னோர் மொழி’களோடு ஒரே வரிசையில், அவற்றுக்கு மாற்றாக வைக்கப்பட்டது. தமிழை எடுக்கும் குழந்தை கிரியோலை விட வேண்டும். கணக்கெடுப்பின் ஆங்கிலப் படிவத்தில் ‘முன்னோர்’ என்பதற்கு உள்ள சொல்லில் தந்தையர் மட்டுமே இருக்கிறார்கள். ஆக, தந்தைவழி அடையாளமா, அம்மா பேசும் மொழியா என்று முதல் வகுப்புக் குழந்தையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது பாடத்திட்டம்.

அங்குள்ள பெண்கள் இந்த அரசியலை முன்பே கண்டுகொண்டார்கள். 1970களில் தோன்றிய ‘முவ்மான் லிபெராஸ்யோன் ஃபாம்’ என்ற பெண் விடுதலை இயக்கம் கிரியோலிலேயே பெண்களிடம் பேசியது. அதில் செயல்பட்ட நாவலாசிரியர் லிண்ட்சி காலன் ஆங்கிலத்தில் மட்டுமல்ல, கிரியோலிலும் எழுதினார்.

தமிழ் அங்கே கற்பிக்கப்பட வேண்டாம் என்பதல்ல என் வாதம். கிரியோலை வெளியே தள்ளி அந்த இடத்தில் தமிழ் உட்காரக் கூடாது. பிறமொழி ஆதிக்கத்தை எதிர்த்துத் தாய்மொழி உரிமை பேசியவர்கள் நாம். மொரீசியஸ் தமிழ்க் குழந்தைக்கும் அந்த உரிமை உண்டு. அவளுடைய தாய்மொழி கிரியோல்.