‘ஓடத் தயார்’ என்னும் அரை உண்மை

எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவன் இருக்கிறான். சென்ற மாதம் கைப்பேசியை நீட்டி ஒரு படத்தைக் காட்டினான். உள்ளங்கை அகலச் சக்கரங்கள், பக்கவாட்டில் துருத்தி நிற்கும் புகைக்குழாய், மூடியைக் கிழித்துக்கொண்டு எட்டிப்பார்க்கும் எஞ்சின் தலை. நைட்ரோவில் ஓடும் ரிமோட் டிரக். “அண்ணே, இது எவ்வளவு வேகம் போகும்?” என்றான். எனக்கு வேகம் கண்ணில் படவில்லை. பெட்டியின் மூலையில் கொட்டை எழுத்தில் இருந்த ‘ரெடி டு ரன்’ என்ற மூன்று சொற்களே பட்டன. முதல் நைட்ரோ வண்டி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் நம்பி ஏறுவது அந்தச் சொற்களின் மேல்தான். அவை எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

முதலில் அவற்றுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். ஒரு காலத்தில் இந்தப் பொழுதுபோக்கில் நுழைய உதிரிப் பாகங்களாக வரும் பெட்டியை வாங்கி, திருகு திருகாகக் கோத்து, எஞ்சினையும் ரேடியோவையும் தனித்தனியே தேடிப் பொருத்த வேண்டியிருந்தது. கைப்பழக்கம் இல்லாதவருக்கு வாசலிலேயே தடுக்கும். 1999இல் அமெரிக்காவின் டிராக்சாஸ் நிறுவனம் கொண்டுவந்த டி-மேக்ஸ் போன்ற டிரக்குகள் அந்தத் தடையை உடைத்தன. முழுதாகக் கோத்த வண்டி, பொத்தானை அழுத்தினால் கிளம்பும் எஞ்சின், பின்னோக்கிச் செல்லும் வசதி. பட்டறை இல்லாத வீட்டுக்கும் நைட்ரோ வந்து சேர்ந்தது. இது சிறிய சாதனை அல்ல.

ஆனால் வண்டியைக் கோப்பது வெறும் சுமையாக மட்டும் இருக்கவில்லை. அதுவே பயிற்சியாகவும் இருந்தது. கிளட்ச் எங்கே உட்காருகிறது, எந்தக் குழாய் டேங்கிலிருந்து கார்பரேட்டருக்குப் போகிறது, எது புகைக்குழாயின் அழுத்தத்தை டேங்குக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது என்பதெல்லாம் கோத்தவரின் விரல்களுக்குத் தெரியும். தயாராக வந்த வண்டி அந்தப் பாடத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. வண்டி தயார், ஆனால் எஞ்சின் தயாரில்லை, ஓட்டுகிறவரும் தயாரில்லை.

எஞ்சின் ஏன் தயாரில்லை? இது 2 முதல் 3.5 சிசி வரையிலான குட்டி டூ-ஸ்ட்ரோக். அதில் ஊற்றுவது மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் சேர்ந்த கலவை. நைட்ரோமீத்தேன் தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பங்கைத் தன்னுள்ளேயே சுமந்து வருகிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். அதே காற்றில் அதிக எரிபொருளை எரிக்க முடிவதால்தான் கட்டைவிரல் பருமனுள்ள பிஸ்டன் நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளைத் தாண்டுகிறது. நம் ஊரில் பேர்போன ஆர்எக்ஸ் 100 தன் முழு சக்தியைத் தந்தது 7,500 சுற்றில்.

அந்த வேகத்தில் பிஸ்டனுக்கு வளையம் போட்டுக் காற்றை அடைப்பது கடினம் என்பதால் பெரும்பாலான எஞ்சின்களில் வளையமே இருக்காது. சிலிண்டர் ஸ்லீவ் மேலே போகப்போக மயிரிழை அளவு குறுகும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சியில் போய் இறுகிக்கொள்ளும். சூடேறியதும் ஸ்லீவ் விரிந்து சரியான இடைவெளி கிடைக்கும். புது எஞ்சினைக் கையால் சுற்றினால் உச்சியில் சிக்கி நிற்பது கோளாறு அல்ல, அதன் ஆரோக்கியம். இந்த இறுக்கம் பதமாகத் தேய வேண்டும். அதற்காக முதல் நான்கைந்து டேங்கை எரிபொருள் தாராளமாகப் போகும்படி வைத்து, கெட்டியான நீலப்புகை கக்க, வேகத்தை அடக்கி ஓட்ட வேண்டும். ஒவ்வொரு டேங்குக்கும் பிறகு பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துத்தான் ஆறவிட வேண்டும். உச்சியில் விட்டு ஆறவைத்தால் ஸ்லீவ் அதை நெரிக்கும். டிவிஎஸ் 50 வாங்கிய தலைமுறைக்குப் புது வண்டியை முறுக்கக் கூடாது என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டியில் ‘ஓடத் தயார்’ என்று படித்தவனுக்குச் சொல்லித்தர வேண்டும்.

இனி ஓட்டுகிறவர். கார்பரேட்டரில் ஒரு நீடில் திருகு இருக்கிறது. வலப்பக்கம் திருகினால் எரிபொருள் குறையும், அதை லீன் என்பார்கள். இடப்பக்கம் திருகினால் கூடும், அது ரிச். ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு திருகினாலே எஞ்சினின் குணம் மாறிவிடும். இந்த எஞ்சினில் எண்ணெய் தனியாக வருவதில்லை, எரிபொருளோடு கலந்தே வருகிறது. ஆகவே எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயும் குறைகிறது. சூடு ஏறுவதும் உராய்வுக்கு மசகு இல்லாமல் போவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. லீன் ஆக்க ஆக்க வண்டி முதலில் நன்றாக ஓடும். குரல் கூர்மையாகும், வேகம் கூடும், புகை மெலியும். சாவதற்குச் சற்று முன்புதான் எஞ்சின் அழகாகப் பாடும். தவறு செய்தவுடன் அடிக்கும் ஆசிரியர் கடுமையானவர், ஆனால் நேர்மையானவர். நைட்ரோ அப்படி அல்ல. தவறுக்கு முதலில் பரிசு தந்து, பிறகு ஒரேயடியாகத் தண்டிக்கும். புதியவருக்கு இது பொருந்தாது என்று சொல்பவர்களின் மிக வலுவான வாதம் இதுதான். ஆனால் அவர்களில் பலர் இதை விட்டுவிட்டுச் சத்தத்தையும் புகையையும் பற்றியே பேசுகிறார்கள்.

நானும் அந்தப் பரிசை வாங்கியவன்தான். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவுள்ள பழைய டிரக் ஒன்றை மே மாத நடுப்பகலில், வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில், பிசிறில்லாமல் ஓடும்வரை திருகிச் சரிசெய்தேன். ஏழு மாதம் கழித்து ஒரு மார்கழி விடியலில் அதே திருகு நிலையில் கிளப்பினேன். அதுவரை கேட்காத ஓசை. மனையின் கடைக்கோடிவரை பறந்து போனது, திரும்பும்போது சட்டென்று ஊமையாகி உருண்டு நின்றது. ப்ளக் போய்விட்டது என்று நினைத்து மூன்று ப்ளக் மாற்றினேன். கடைசியில் எங்கள் தெருமுனை இருசக்கர மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஃப்ளைவீலை விரலால் ஒரு சுற்று சுற்றினார். எங்குமே சிக்கவில்லை. “கம்ப்ரஷனே இல்லீங்க தம்பி. எண்ணெய்க்குப் பட்டினி போட்டிருக்கீங்க” என்றார். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதே அளவு எரிபொருளுக்குக் கூடுதல் ஆக்சிஜனைக் கொண்டுவந்து கலவையைத் தானாக லீன் ஆக்கிவிடும். நான் எதையும் திருகவில்லை, காற்று திருகிவிட்டது. எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்திருந்தாலே போதும்: இரண்டு மூன்று நொடி சுண்டி ஆவியானால் சரி, விழுந்த கணமே துள்ளித் தெறித்தால் ஆபத்து.

அப்படியென்றால் நைட்ரோ வேண்டாமா? இந்த முடிவுக்கும் நான் எளிதில் வரமாட்டேன். மின்கல வண்டி இன்று வேகத்திலும் இழுவையிலும் நைட்ரோவுக்குக் குறைந்ததல்ல. நின்ற இடத்திலிருந்து பாய்வதில் முந்தியே நிற்கிறது. ஆனால் அதை ஓட்டக் கண்ணும் கையும் போதும். நைட்ரோவுக்குக் காது வேண்டும். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் ரே ஆர்டன் சந்தைக்குக் கொண்டுவந்த க்ளோ ப்ளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஸ்பார்க் கிடையாது. ஒன்றரை வோல்ட் பேட்டரியால் பிளாட்டினக் கம்பியைப் பழுக்கவைத்து எஞ்சினைக் கிளப்பிய பின் பேட்டரியைக் கழற்றிவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தைத் தொடும்போது நடக்கும் வேதிவினையும் முந்தைய வெடிப்பின் சூடும் சேர்ந்து கம்பியை அணையாமல் காக்கும். கையிலெடுத்துப் பார்த்த ஒருவருக்கு வேதியியலும் வெப்பவியலும் புத்தகத்தை விட்டு இறங்கி வரும். மின்கலம் தீர்ந்தால் சார்ஜ் ஏறக் காத்திருக்க வேண்டும். இங்கே டேங்கை நிரப்பச் சில நொடிகள். 1/8 அளவு பக்கி பந்தயங்களில் இறுதிச் சுற்று ஒரு மணி நேரம்வரை நீள்வதும், 125 சிசி டேங்கை வழியில் திரும்பத் திரும்ப நிரப்பி ஓட்டுவதும் இதனால்தான். இந்த நன்மைகள் உண்மையானவை. ஆனால் ஒன்றுகூட வேகக் கணக்கில் வராது.

எந்த வண்டி என்ற கேள்விக்கு இப்போது வரலாம். தார்ச்சாலையில் ஓடும் தாழ்ந்த கார் முதல் வண்டியாக ஆகாது. ஒரு கூழாங்கல் போதும் அதைக் கவிழ்க்க. 1/8 பக்கி தாங்கும், ஆனால் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள அது பாய்வதற்குப் பெரிய மைதானம் வேண்டும். பல வகைகளில் அதைக் கிளப்பத் தனியே ஒரு ஸ்டார்ட்டர் பெட்டியும் வாங்க வேண்டும். உயரமான 1/10 டிரக் கல்லையும் பள்ளத்தையும் பொறுத்துக்கொள்ளும். கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ கிளப்பலாம். வகை எதுவானாலும் ரேடியோ தொடர்பு அறுந்தால் தானே பிரேக் பிடிக்கும் ஃபெயில்-சேஃப் இருக்க வேண்டும். அது இல்லாத வண்டி முழு வேகத்தில் கட்டுப்பாடு இழந்தால் ஆள்மேல் ஏறும் இரும்பு. மலிவு வண்டிகளின் குறை வேகத்தில் இல்லை, பாகங்களில் இருக்கிறது. உடைந்த சஸ்பென்ஷன் ஆர்ம் ஒன்று கிடைக்காவிட்டால் முழு வண்டியும் அலமாரிப் பொம்மை. ஆகவே வண்டியின் விலையைப் பார்க்கும் முன் அதன் ஆர்ம், கிளட்ச், பிஸ்டன்-ஸ்லீவ் ஜோடி மூன்றும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி பெட்டிக்கு வெளியே இருக்கிறது: எரிபொருள். கார் எஞ்சினுக்கு வழக்கமாக 20 முதல் 30 விழுக்காடு நைட்ரோ உள்ள கலவை. வெடிபொருள் தயாரிப்புக்கும் பயன்படும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2021 பிப்ரவரி முதல் எடையில் 16 விழுக்காட்டுக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவையைப் பொதுமக்கள் உரிமமின்றி வாங்கத் தடை விதித்தது. இந்தப் பொழுதுபோக்கு வேரூன்றிய நாடுகளிலேயே இந்த நிலை. நம் மாநிலத்திலோ மெத்தனாலின் பெயர் கேட்டாலே கள்ளக்குறிச்சி நினைவுக்கு வரும். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனால் வைத்திருக்கவும் விற்கவும் இங்கே உரிமம் வேண்டும். அந்தக் கட்டுப்பாடு நியாயமானதும்கூட. எளிதில் தீப்பற்றும் திரவத்தைச் சாதாரண அஞ்சலில் அனுப்ப முடியாது. வெயிலில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. எனவே ‘வண்டி வாங்கிய பிறகு எண்ணெய் தேடலாம்’ என்பது இங்கே சோம்பேறித்தனம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. யாராவது ஒரு கேனைக் காட்டி இது சரிப்படும் என்றால் நம்பிவிடக் கூடாது. விமான மாடல்களுக்கான கலவையில் நைட்ரோவின் அளவும் எண்ணெயின் அளவும் வேறு.

ஓட்டி முடித்த பிறகும் வேலை தீராது. டேங்கை வடித்து, எஞ்சினில் மிச்சமிருப்பதை எரித்துத் தீர்த்து, சில சொட்டு ஆஃப்டர்-ரன் எண்ணெய் விட்டுச் சுற்றி வைக்க வேண்டும். மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நம் கடற்கரை ஊர்களில் ஒரு வாரம் மறந்தால் பேரிங்கில் துரு ஏறிவிடும். இதைச் சலிப்பாகப் பார்ப்பவருக்கு நைட்ரோ தண்டனை. சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுவதில் சுகம் காண்கிறவருக்கு இதுதான் பாதி இன்பம்.

தராசில் வைத்துப் பார்த்தால், நைட்ரோவைப் புதியவருக்குக் கூடாது என்று தள்ளுவதும் தவறு, ‘தயார்’ என்று நீட்டுவதும் தவறு. முறையான எரிபொருள், பாகம் கிடைக்கும் வழி, நீடிலைத் திருகத் தெரிந்த ஒருவரின் காது ஆகிய மூன்றும் எட்டும் தூரத்தில் இருந்தால் எளிய 1/10 டிரக் நல்ல தொடக்கம். அவற்றில் ஒன்று குறைந்தாலும் மின்கல வண்டியில் ஓட்டப் பழகிவிட்டு வரலாம். திருப்பமும் பிரேக்கும் கைக்கு வந்த பின் எஞ்சினுக்குக் காதைக் கொடுக்க நேரம் கிடைக்கும்.

மாணவனுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. “வேகத்த விடு தம்பி. எண்ணெய் எங்க வாங்குவே?” என்று மட்டும் கேட்டேன். விழித்தான். இரண்டு வாரம் கழித்து மாடியில் வேறொரு படத்தோடு வந்தான். மின்கலத்தில் ஓடும் டிரக். “இத முதல்ல ஓட்டிப் பழகறேண்ணே. அதுக்குள்ள எண்ணெய்க்கு வழி கிடைக்குதான்னு பார்க்கறேன்” என்றான். பழைய எஞ்சினை அலமாரியிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தேன். ஃப்ளைவீலைச் சுற்றினான். வழுவழுவென்று சுற்றியது. “நல்லா ஃப்ரீயா இருக்கேண்ணே!” என்றான் மகிழ்ச்சியாக. பாடத்தை அங்கிருந்து தொடங்கினோம்.