கால்வேலி நிலமும் கப்பல் சீட்டும்

வெளிநாடு போய்ப் பிழைப்பது மேலா, பிறந்த மண்ணிலேயே இருந்து காலந்தள்ளுவது மேலா என்று பட்டிமன்றம் நடத்துவது நம்மவர்களுக்கு அலுக்காத பொழுதுபோக்கு. எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்தில் கோவில் திருவிழா என்றால் இந்தத் தலைப்புக்கு எப்போதும் ஓர் இரவு உண்டு. ஒரு கட்சிக்காரர் கொன்றை வேந்தனை எடுத்து வீசுவார். கடலைக் கடந்தாவது பொருள் தேடச் சொன்ன ஔவை அவருக்குத் துணை. எதிர்க்கட்சிக்காரர் தாயையும் தாய்நாட்டையும் சேர்த்து ஒரு மூச்சுக் கண்ணீர் விடுவார். நடுவர் பொன்னாடையோடு எழுந்து, இரண்டும் வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிடுவார். கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கணியன் பூங்குன்றனின் பாட்டை எல்லா ஊரையும் தன் ஊராகக் கொள்ளும் விமான டிக்கெட்டாக மாற்றிவிட்டார்களே, அதுதான். முதல் அடியோடு நிறுத்திக்கொண்டால் அப்படித்தான் தோன்றும். மேலே படித்தவர்களுக்குத் தெரியும்: மலையாற்று வெள்ளத்தில் அகப்பட்ட தெப்பம் போல உயிர் போகிற போக்கில் போகிறது, ஆகையால் பெரியவனைக் கண்டு வியக்கவும் வேண்டாம், சிறியவனை இகழவும் வேண்டாம் என்கிறது அந்தப் புறப்பாட்டு. தெப்பத்தில் போகிறவனிடம் போய், ‘நீ போவது நல்லதா, கரையில் நிற்பது நல்லதா?’ என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

போவதா, இருப்பதா என்று உட்கார்ந்து யோசிக்க, இருப்பதற்கு முதலில் ஓர் இடம் வேண்டும். இதற்கு நான் தூரத்தில் சாட்சி தேட வேண்டியதில்லை. எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மற்றது 921. குடவோலையில் பேர் எழுதிப் போடுகிற முறை அதிலே விஸ்தாரமாக வருகிறது. ஜனநாயகத்தின் தொட்டில் என்று சொல்லி வெளியூர்க்காரர்கள் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எங்களுக்கும் பெருமைதான். ஆனால் குடத்தில் யாருடைய பேர் விழலாம் என்ற பகுதியையும் படிக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். தன் மனையில் தானே கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். 921இன் கணக்குப்படி வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதம் கற்றவனானால் அரைக்கால் வேலி போதும் என்று ஒரு சலுகை. கணக்குக் காட்டாமல் ஏய்த்தவனுக்கும் அவன் உறவுக்காரர்களுக்கும் இடமில்லை. நல்ல சட்டந்தான். ஆனால் அந்தக் கால்வேலியை உழுதவனுடைய பேர் எந்தக் குடத்தில் விழுந்தது?

‘சொந்த ஊர்’ என்று நாம் சொல்லும்போது அதில் ‘சொந்தம்’ என்கிற பாதி அன்றைக்கே சிலருக்குத்தான் இருந்தது. கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் மற்றப் பாதியைச் சேர்ந்தவர்கள்.

எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. பணம் வைத்திருந்தவர்களும் கடல் தாண்டினார்கள். தாய்லாந்தில் தக்குவாபா என்ற இடத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அகப்பட்டிருக்கிறது. அங்கே ஒரு குளம் வெட்டி, பல்லவ மன்னன் நந்திவர்மனுடைய பட்டப் பெயரான ‘அவனிநாரணம்’ என்பதை அதற்குச் சூட்டி, மணிக்கிராமத்து வணிகர் முதலானோர் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். சுமத்ராவில் பாருஸ் பக்கத்திலே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அதுவும் வணிகர் சபை வைத்ததுதான். எங்கள் ஊர் ஏரிக்கும் பல்லவன் பேர்தான், வைரமேகத் தடாகம். அக்கரையிலே இறங்கியவன் முதல் காரியமாக ஒரு குளத்தை வெட்டி ஊர் ராஜாவின் பேரை வைத்தான் என்பதில் ஒரு நாவலே அடங்கியிருக்கிறது. எழுதத்தான் ஆளில்லை.

எழுதியவர்கள் என்ன எழுதினார்கள் என்று பார்ப்போம். அகப்பாடல்களில் பொருள் தேடப் பிரிகிறவன் சுரத்தின் நடுவே நின்றுகொண்டு நெஞ்சோடு வழக்காடுகிறான். திரும்பிவிடலாமா, மேலே போகலாமா என்று அவன் படுகிற பாட்டைப் போல நேர்மையாகப் பிற்காலத்தில் யாரும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அது ஆணுடைய பிரிவு. கடற்பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துப் போகும் வழக்கமில்லை என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. பின்னாளில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் அந்த இலக்கணத்தைக் காற்றில் பறக்கவிட்டன. 1879 முதல் 1916 வரையில் ஒப்பந்தக் கூலிகளாக பிஜித் தீவுக்கு ஆட்களை ஏற்றினார்கள், பெண்களும் ஏறினார்கள். பாரதி கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுத பாட்டு அதன் விளைவு. அவன் பிஜியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அந்த அழுகை பொய்யல்ல. அழுகைக்கு மேலே போக வேண்டிய வேலை மட்டும் பாக்கி நின்றது.

அதைச் செய்தவர் புதுமைப்பித்தன். ‘துன்பக்கேணி’யில் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். தோட்டத்தின் கொடுமையை எழுதிய கதை என்றே இதைப் பாடம் நடத்துகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வாசவன்பட்டிதான். ஊரிலே மருதிக்கு நடந்ததற்கும் தோட்டத்திலே நடந்ததற்கும் நடுவே கடல் ஒன்றுதான் வித்தியாசம். ஊருக்குத் திரும்பி வந்தவள் மறுபடியும் தோட்டத்துக்கே போக நேர்கிறதே, அந்த இடத்தில் பட்டிமன்றக்காரர் வாயடைத்துப் போவார். ஊரைப் புனிதமாக்காமல், பரதேசத்தை நரகம் என்று சபித்துவிட்டுக் கை கழுவாமல், இரண்டு துலாத்தட்டிலும் ஒரே கல்லைப் போட்டுக் காட்டிவிட்டார் மனுஷர்.

அகிலனுடைய ‘பால்மரக் காட்டினிலே’ 1977இல் புத்தகமாக வந்தது. மலேசியாவுக்குப் போய்ப் பார்த்து, தோட்டத் துண்டாடலால் நிலைகுலைந்த ரப்பர்த் தொழிலாளர்களைப் பற்றி எழுதினார். நல்ல எண்ணம், உழைப்பு, இரண்டும் இருக்கின்றன. இருந்தாலும் விருந்தாளியின் பார்வை அது. விருந்தாளிக்கு வீட்டுக்காரர்கள் காட்டுகிற அறைகள் எல்லாம் நாவலில் வருகின்றன; காட்டாத அறை ஒன்றுகூட வரவில்லை. அகிலனைக் குறை சொல்வது இப்போது எல்லாருக்கும் சுலபமாகிவிட்டது என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ப. சிங்காரத்தின் விஷயம் வேறு. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர். பதினெட்டு வயதில் சுமத்ராவின் மேடானுக்கு வேலைக்குப் போனார். யுத்தத்தை அங்கேயே கண்டார். 1946இல் திரும்பி வந்து, மதுரையில் தினத்தந்தி அலுவலகத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்தார். எழுதியவை இரண்டே நாவல்கள்: ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’. பிறரைப் போல அவர் ‘வெளிநாட்டு வாழ்க்கை’யைப் பற்றி எழுதவில்லை. வட்டிக்கடையில் மேலாளுக்கும் அடுத்தாளுக்கும் பெட்டியடிப் பையனுக்கும் நடுவே நடக்கிற வாழ்க்கையை எழுதினார். அது நடந்த இடம் பினாங்காக இருந்தது, அவ்வளவுதான்.

‘கடலுக்கு அப்பால்’ செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தவன். யுத்தம் முடிந்ததும் பழைய முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதத்தைக் கட்டிக்கொள்ளலாம் என்ற ஆசை அவனுக்கு. பிள்ளை மறுத்துவிடுகிறார். பட்டாளத்தில் நிமிர்ந்து நடந்து பழகியவன் கணக்குப் பெட்டிக்கு முன் குனிந்து உட்காரமாட்டான் என்பது அவர் தீர்மானம். அவர் கொடியவர் அல்ல. அந்தப் பிள்ளையைப் படிக்கும்போது எனக்கு அவர் மேல் கோபமே வருவதில்லை, அது சிங்காரத்தின் சாமர்த்தியம். கடல் தாண்டிப் போனவன் ஊரை விட்டுவிட்டான் என்கிறோம். உண்மையில் அவன் ஊரை மூட்டை கட்டிக்கொண்டு போய், அங்கே இன்னும் இறுக்கமாகக் கட்டிவைக்கிறான். ஊரிலாவது பிள்ளைகள் எதிர்த்துப் பேசும். பினாங்குக் கடையில் அதுவும் கிடையாது.

‘புயலிலே ஒரு தோணி’யின் பாண்டியனோ மூட்டையை அவிழ்த்துவிட்டவன். மேடானில் இருந்துகொண்டு மதுரைத் தெருக்களையும் சின்னமங்கலத்தையும் நினைத்து உருகுகிறான். மது அருந்திக்கொண்டே நண்பர்களோடு தமிழ்ப் பெருமைகளைக் கிழித்து எறிகிறான். இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்வதுதான் அந்த நாவலின் உயிர். ஏக்கமும் ஏளனமும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. ஊரிலேயே இருப்பவனுக்கு இது வாய்ப்பதில்லை. அவன் புகழுவான் அல்லது திட்டுவான். நாவலில் குறை இல்லாமல் இல்லை. சாகசப் பகுதிகளில் பாண்டியன் தொட்டதெல்லாம் துலங்குகிறது. சினிமாக் கதாநாயகன் தோற்றுப்போவான். பெண்கள் வந்து போகிறார்களே ஒழிய நிற்பதில்லை. ஆனாலும் கடைசியில் பாண்டியன் ஊர் வந்து சேராமல் போகும்போது, வராததே சரி என்று வாசகனுக்குப் படுகிறது. அவன் நினைத்து உருகிய மதுரை எந்த ரயிலும் போகாத மதுரை.

பாண்டியன் வரவில்லை, சிங்காரம் வந்தார். 1962இல் எழுதி முடித்த அந்த நாவல் 1972இல்தான் அச்சானது. பத்து வருஷம்! அதற்குப் பிறகு அவர் நாவல் எழுதவில்லை. மதுரையில் ஓர் அறையில் தனி ஆளாக இருந்து, 1997இல் மறைந்தார். அவரைக் கொண்டாடும் கூட்டம் பெருகியது அதற்குப் பிறகுதான். திரும்பி வந்தவனுக்குத் தாய்நாடு உத்தியோகம் கொடுத்தது, அறை கொடுத்தது. வாசகனைக் கொடுக்க மட்டும் தாமதம் செய்துவிட்டது. பிறந்த நாட்டின் அருமைகளைப் பட்டியல் போடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒரு மூலையில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

சிங்காரமாவது தாமாக வந்தார். 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கையில் இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். வந்தவர்களுக்கு சர்க்கார் வைத்த பேர் ‘தாயகம் திரும்பியோர்’. திரும்புவதற்கு முதலில் புறப்பட்டிருக்க வேண்டாமா? அவர்களில் எத்தனையோ பேர் கண்டியிலும் நுவரெலியாவிலும் பிறந்தவர்கள். தாயகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. நீலகிரியில் அவர்களுக்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். அங்கே கிள்ளிய கொழுந்தையே இங்கேயும் கிள்ளினார்கள். அங்கே ‘இந்தியாக்காரன்’ என்றார்கள். இங்கே வந்ததும் ‘சிலோன்காரன்’ ஆனார்கள். இருப்பதா போவதா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

இன்றைக்கு வளைகுடா. மலையாளத்தில் பென்யாமின் ‘ஆடு ஜீவிதம்’ எழுதினார், 2008இல். பாலைவனத்தில் ஆட்டு மந்தையோடு அடைபட்டவன் கதை; நம்மவர்களும் தமிழில் படித்துக் கலங்கினார்கள். நம்மிடம் மீரான் மைதீனின் ‘அஜ்னபி’ இருக்கிறது. சவூதியின் தமிழ் வாழ்க்கையைக் கேலியும் துயரமுமாகச் சொல்லும் நல்ல புத்தகம், இன்னும் பலர் படிக்க வேண்டியது. இரண்டும் போனவன் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. போனவனுடைய வீட்டைப் பற்றி, அதாவது இருந்தவர்களைப் பற்றி, நான் தேடுகிற நாவல் இன்னும் என் கைக்கு வரவில்லை. எங்கள் பக்கத்து கிராமங்களில் அதற்கு வேண்டிய சரக்கு நிறையக் கிடக்கிறது. ஏஜெண்டுக்குப் பணம் கட்ட அடகு வைத்த முக்கால் ஏக்கர். அதை மீட்கிற வரையில் ஊருக்கு வரமாட்டேன் என்று போனில் சொல்லும் பிள்ளை. மீட்ட பிறகு அந்த முக்கால் ஏக்கரில் நாற்று நட ஆளில்லாமல் மனை போட்டு விற்கிற தகப்பன். போகாத பிள்ளைகளும் ஊரில் இல்லை. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற கம்பெனி வண்டி விடியுமுன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்குகிறது. இவர்கள் ‘இருந்தவர்கள்’ கட்சியில் சேர்த்தியா, ‘போனவர்கள்’ கட்சியில் சேர்த்தியா? அடுத்த திருவிழாவுக்கு வருகிற நடுவரைத்தான் கேட்க வேண்டும்.